அலுவலகம் முடிந்தது, இனி தூரிகை: முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விட்ட மூன்றாவது வாரம் நான் செய்த முதல் ஓவியக் காரியம், ஒரு எக்ஸெல் தாள் தயாரித்தது. வாரத்துக்கு ஒரு படம், வருடத்துக்கு 52, பன்னிரண்டாவது மாதத்தில் ஒரு கண்காட்சி. முடிந்ததற்குப் பச்சை, பாக்கிக்குச் சிவப்பு. நான்காவது வாரத்திலிருந்து ஒரே சிவப்பு. 28 வருடம் மற்றவர்களின் வேலையை மதிப்பிட்டே சம்பளம் வாங்கியவனுக்கு, தன் கை வரைந்த கோணல் கோப்பையை நேராகப் பார்க்கத் தெம்பில்லை.

அந்தத் தாளை அழித்த பிறகுதான் வரையவே தொடங்கினேன். பெரிய நிறுவன வேலையிலிருந்து ஓவியத்துக்கு வருகிறவர்கள் 'என் கை வளையுமா' என்றுதான் கவலைப்படுகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த கைக்குப் போதுமான கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. எதைத் தொட்டாலும் உடனே முடிவு கேட்கும் மண்டைதான் தொல்லை கொடுக்கும். கீழே சொல்லியிருக்கும் வரிசை, அந்த மண்டையைக் கொஞ்ச நாள் ஓரமாக உட்கார வைப்பதற்காகப் போட்டது.

வயதைப் பற்றி ஒரு பத்தி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஆன்ரி ரூசோ பாரிஸ் நகரச் சுங்கச்சாவடியில் வரி வசூலித்தவர். 1893இல், 49 வயதில், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். ரவீந்திரநாத் தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியது அறுபதைத் தாண்டிய பிறகு. அவருடைய முதல் கண்காட்சி 1930இல் பாரிஸில் நடந்தது. அமெரிக்காவில் 'பாட்டி மோசஸ்' என்று பெயர் வாங்கிய அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ், மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, எழுபதுகளின் பிற்பகுதியில் தூரிகைக்கு மாறினார். 101 வயது வரை வாழ்ந்தார். சரி, இதன் மறுபக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரூசோ உயிரோடு இருந்தபோது அவரைக் கேலி செய்தவர்கள் ஏராளம். பங்குச்சந்தை வேலையிலிருந்து ஓவியத்துக்குப் போன பால் கோகன் பண நெருக்கடியிலேயே காலம் தள்ளினார். ஆகவே வீட்டுச் செலவைத் தூரிகையின் தலையில் ஏற்றாதீர்கள். அதற்கு வேறு ஏற்பாடு இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம்: கடைப்பக்கமே போகாதீர்கள்

கடைக்குப் போகும் ஆசை வரும். தள்ளிப்போடுங்கள். வீட்டில் கிடக்கும் ஒரு பென்சில், 2பி என்ற மென்மையான வகை கிடைத்தால் நல்லது. ஒரு பக்கம் அச்சான பழைய தாள்கள். இவ்வளவு போதும். அச்சான தாளின் முதுகில் வரைவதில் ஒரு சௌகரியம் உண்டு. அதை யாரும் சட்டம் போட்டு மாட்டப்போவதில்லை என்று கைக்கே தெரியும்.

தினமும் 20 நிமிடம். முதல் சில நாள் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். பென்சில் பிடிக்காத கையை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பில் ஒரு எறும்பு ஊர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண் எறும்போடு நகர வேண்டும், பென்சில் கண்ணோடு நகர வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. வருவது கை மாதிரியே இருக்காது. சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுங்கள். அப்புறம், ஏதாவது ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே பார்த்து வரையுங்கள். மூக்கு, கண் என்ற பெயர்கள் மறைந்து வெறும் வளைவுகளும் கோணங்களுமாகத் தெரியும். பலருக்கு இதுதான் 'அட, என்னால் முடிகிறதே' என்று தோன்றும் முதல் படம்.

இரண்டாவது வாரம் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு, அதை வரையாமல் அதன் கால்களுக்கு நடுவே தெரியும் காலி இடங்களை மட்டும் வரையுங்கள். இடைவெளிகள் சரியாக விழுந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும். ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? மூளைக்கு 'நாற்காலி' என்ற சொல் தெரியும். சொல் கிடைத்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. நாலு கால், எல்லாம் ஒரே நீளம் என்று தெரியும், ஆகவே நாலையும் ஒரே நீளத்துக்கு வரைந்துவிடுகிறோம். பின்னங்கால்கள் தரையில் எந்த இடத்தில் முடிகின்றன என்று பார்ப்பதே இல்லை. எண்பது பக்க அறிக்கை வந்தால் நேராகச் சுருக்கத்துக்குப் போகிற அதே பழக்கம். நானும் அப்படித்தான் பதவி உயர்வு வாங்கினேன்!

அளவு எடுக்க ஒரு பழைய வழி இருக்கிறது. முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பொருளின் அகலத்தைப் பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை அளந்துகொள்ளுங்கள். உயரத்துக்குள் அந்த அகலம் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் கணக்குப் பிசகும்.

எந்த வண்ணம்

மூன்று பெரிய வகைகள்: வாட்டர்கலர், அக்ரிலிக், ஆயில்.

ஆயில் பெயிண்ட் மெதுவாகக் காயும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதைத்தான் நாம் காய்வது என்கிறோம். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள் முதல் சில வாரம் பிடிக்கும். நிறங்களை ஒன்றோடொன்று இழைக்க இதைப்போல் வேறில்லை. ஆனால் அதை இளக்கும் டர்பென்டைனின் நெடி, காற்றோட்டம் என்று கவனிக்க வேண்டியவை அதிகம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துப் போட்டுக் காயவைத்த பிறகுதான் எறிய வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்பேன்.

வாட்டர்கலர் எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், சின்ன வயதில் பள்ளியில் பூசியது என்பதால். மூன்றில் கடினமானது அதுதான். வெள்ளை என்பது காகிதமேதான், ஒருமுறை மூடிவிட்டால் முழுசாகத் திரும்பி வராது. தண்ணீர் எப்போது காய்கிறது என்பதே பாதி வித்தை. காகிதம் பளபளக்கும்வரை நிறம் சேர்க்கலாம். பளபளப்பு மங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஈரமான தூரிகையால் தொட்டால் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு விரிந்து நிற்கும். புறங்கையை லேசாக வைத்துப் பார்த்துச் சில்லென்று இல்லையென்றால் முழுக்கக் காய்ந்துவிட்டது, மறுபடி தொடங்கலாம். தவறைத் திருத்தியே பழகியவர்கள் அந்த நடு நேரத்தில் சும்மா இருக்க மாட்டார்கள். நான் இருக்கவில்லை. இரண்டு மாதம் காலிஃபிளவர்தான் வளர்த்தேன்.

அதனால் என் சிபாரிசு அக்ரிலிக். நிமிடங்களில் காயும், தண்ணீரிலேயே கழுவலாம், பிடிக்காததன் மேல் பத்து நிமிடம் கழித்து இன்னொரு பூச்சுப் போடலாம். ஈரத்தில் அதன் பசை பால்போல வெண்மையாக இருப்பதால், காய்ந்ததும் நிறம் ஒரு படி கறுத்துத் தெரியும். முதல் வாரத்தில் அது ஏமாற்றும், அப்புறம் கை தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

நல்ல சம்பளம் வாங்கியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். மரப்பெட்டியில் 48 நிறங்கள். இன்றுவரை முப்பதுக்கு மேல் திறக்கப்படவில்லை. உங்களுக்கு வேண்டியது ஏழு டியூப்கள்: லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன் புளூ, தேலோ புளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பெரிய டியூபாக ஒரு டைட்டானியம் வைட். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய நிறம் வரும், அதோடு வெள்ளை சேர்த்தால் உயிருள்ள சாம்பல் நிறங்கள் வரும்.

டியூபின் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். நிறமியின் குறியீடு அங்கே இருக்கும். பிபி 29 என்றால் அல்ட்ராமரைன், பிவி 19 என்றால் குயினாக்ரிடோன், எந்த நிறுவனத்தின் டியூபாக இருந்தாலும். ஒரே ஒரு குறியீடு மட்டும் போட்டிருப்பதை வாங்குங்கள். மூன்று குறியீடுகள் இருந்தால் கடைக்காரருக்கு முன்பே யாரோ கலந்து வைத்துவிட்டார்கள், நீங்கள் மேலும் கலந்தால் சேறாகிவிடும். பெயரோடு 'ஹியூ' என்று ஒட்டியிருந்தால், மூல நிறமிக்குப் பதில் அதைப் போலத் தெரியும் வேறு நிறமி என்று பொருள். அலிசரின் கிரிம்சன் என்ற அழகான சிவப்பு, குறியீடு பிஆர் 83, வெளிச்சத்தில் மங்கிப்போகும். தவிர்க்கலாம். மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்பும் பொருள் அதிகம். பயிற்சிக்கு அது போதும், வெள்ளையை மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள்.

தூரிகை மூன்று, செயற்கை முடியில்: ஒரு அங்குலத் தட்டை, அரை அங்குலத் தட்டை, எட்டாம் எண் உருண்டை. பெரிய தூரிகையிலேயே முக்கால்வாசி வேலை நடக்க வேண்டும். சின்னதை எடுத்தால் விவரங்களுக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றும். தண்ணீர்க் குவளைக்குள் முடி கீழே இருக்கும்படி நிற்க வைக்காதீர்கள். அக்ரிலிக் முடியின் அடிவாரத்தில் காய்ந்துவிட்டால் அந்தத் தூரிகை அவ்வளவுதான்.

கேன்வாஸ் வாங்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு. வெள்ளைக் கேன்வாஸ், படத்தை நிறுத்தும் தாங்கியில் ஏறியதும் அது ஒரு 'சமர்ப்பிக்க வேண்டிய வேலை' ஆகிவிடுகிறது, கை இறுகிவிடுகிறது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காகிதத்தை நாலாகக் கிழித்து, அட்டைமேல் மாஸ்கிங் டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டு வரையுங்கள். அக்ரிலிக் அதன்மேல் நேராகவே பிடிக்கும். வண்ணம் கலக்கும் பேலட்டுக்கு ஒரு பழைய பீங்கான் தட்டு. நிறம் சீக்கிரம் காய்ந்து தொலைந்தால், ஒரு தட்டையான டப்பாவில் நனைத்த டிஷ்யூ, அதன்மேல் கேக் சுடும் காகிதம், அதன்மேல் வண்ணம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

இடமும் வெளிச்சமும்

தனி அறை தேவையில்லை, ஆனால் எடுத்து வைக்கத் தேவையில்லாத ஒரு மூலை தேவை. தினமும் விரித்து, தினமும் மடக்க வேண்டியிருந்தால் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவீர்கள். பகலில் ஜன்னலோரம், நேர்வெயில் தாளில் விழாமல். இரவில் வரைவதானால் 5000 கெல்வின் அளவில் (பகல் வெளிச்சம் போன்ற வெண்மை), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு. மஞ்சள் விளக்கில் கலந்த நிறத்தைக் காலையில் பார்த்தால் யாரோ நள்ளிரவில் வந்து மாற்றிவிட்ட மாதிரி இருக்கும்.

முதல் மாதம் முழுக்க நிறமில்லை

இந்த இடத்தில்தான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஏழு டியூப் வாங்கிவிட்டு ஒரு மாதம் சாம்பலிலேயே வரைவதா? ஆமாம். ஒரு படம் தூரத்திலிருந்து நிற்கிறதா, தட்டையாக விழுகிறதா என்பதைத் தீர்மானிப்பது வெளிச்சமும் இருட்டும் அமர்ந்திருக்கும் விதம். ஓவியர்கள் அதை டோன் அல்லது வேல்யூ என்பார்கள். நிறம் தவறாக இருந்தும் டோன் சரியாக இருந்தால் படம் தப்பித்துவிடும். அதற்கு மறுதலையாக நடந்து நான் பார்த்ததில்லை.

முதலில் அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்றையும் வைத்து ஐந்து கட்டங்கள் போடுங்கள்: வெள்ளை, வெளிர், நடுத்தரம், அடர்த்தி, கறுப்பு. ஒவ்வொரு படிக்கும் நடுவே ஒரே அளவு தாவல் இருக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முயற்சியில்தான் வரும். இந்தத் தாளை எதிரே ஒட்டி வையுங்கள்.

அடுத்து ஒரு முட்டை. வெள்ளைத் தாளின்மேல், அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே பக்கத்திலிருந்து ஒரே ஒரு விளக்கு. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இமைகள் பாதி மூடினால் விவரங்கள் கரைந்து பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் மட்டும் நிற்கும். வெளிச்சம் நேராக விழும் புள்ளி, மெல்ல மங்கும் பகுதி, அடர்ந்த நிழல், அதற்கும் கீழே மேசையிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளி, கடைசியாகத் தரையில் விழுந்த நிழல். அந்தத் திரும்பும் ஒளியை எல்லோரும் அதிகமாக வெளுப்பாக்கிவிடுகிறோம், முட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். நிழல் பக்கத்தில் இருக்கும் எதுவும் வெளிச்சப் பக்கத்தில் இருப்பதைவிடப் பிரகாசமாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி பிரச்சினை தீரும்.

முட்டையைப் பத்து முறை வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம், மணி அடித்ததும் நிறுத்த வேண்டும், பாதியில் இருந்தாலும். விளக்கை நகர்த்துங்கள், முட்டைக்குப் பதில் வெள்ளைக் கோப்பை வையுங்கள், அப்புறம் கசங்கிய தாள். முடிந்ததும் பொருளையும் படத்தையும் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடித்து ஒப்பிட்டால், எங்கே பயந்து வெளிர் நிறத்திலேயே நின்றுவிட்டீர்கள் என்று தெரியும். நிச்சயம் பயந்திருப்பீர்கள். புதியவர்களின் படங்களில் போதிய இருட்டு இருப்பதில்லை.

அலுவலகப் பழக்கத்தில் ஒன்று மட்டும் இங்கே கைகொடுக்கும்: மனமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்பது மணிக்கு இருக்கையில் உட்காருவது. 'இன்றைக்கு உந்துதல் இல்லை' என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் நாம்.

நிறத்துக்கு வரலாம்

இரண்டாவது மாதம் மஞ்சளும் நீலமும் வைத்து ஒரு சோதனை. லெமன் யெல்லோவோடு தேலோ புளூ சேர்த்தால் பளிச்சென்ற பச்சை. யெல்லோ ஆக்கரோடு அல்ட்ராமரைன் சேர்த்தால் மங்கிய, காய்ந்த இலைப் பச்சை. காரணம், அல்ட்ராமரைன் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்தில் பளபளப்பு அடங்கிவிடும். அடங்கிய பச்சை தோல்வி ஒன்றுமில்லை, மரங்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. ஏழு டியூப்களையும் இரண்டிரண்டாகக் கலந்து ஒரு அட்டவணை போட்டு வையுங்கள். எக்ஸெல் ஆசைக்கும் ஒரு வடிகால் வேண்டுமே.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்களிடம் உள்ள ஏராளமான ஓவியங்களின் துல்லியமான படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பெண்ணின் படத்தைத் தரவிறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னாலிருக்கும் 'வெள்ளை' சுவரில் சுத்த வெள்ளை எவ்வளவு குறைவு என்று தெரியும். அஞ்சலட்டை அளவில், முதலில் சாம்பலில், பிறகு நிறத்தில் நகலெடுங்கள். நகல் பயிற்சிக்கு, உங்கள் பெயரை அதில் போடாதீர்கள்.

மூன்றாவது மாதத்திலிருந்து மேசைமேல் இரண்டு பொருள், ஒரு விளக்கு, உங்கள் சொந்தப் படம். பெரிய இருட்டையும் பெரிய வெளிச்சத்தையும் முதலில் அடைத்துவிட்டு, விளிம்புகளுக்கு அப்புறம் போங்கள். பாதியில் ஒரு கட்டம் வரும், எல்லாப் படத்திலும், 'இது தேறாது' என்று தோன்றும். அந்த நேரத்தில் கிழிக்காமல் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடவலம் மாறியதும் கோணல் எங்கே என்று பளிச்சென்று தெரியும்.

வகுப்பும் கருத்துகளும்

வகுப்பில் சேரும் முன் அங்கே படிப்பவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஆசிரியர் வரைந்தவை போலவே இருந்தால் வந்துவிடுங்கள். நான் சேர்ந்த முதல் வகுப்பில் ஆசிரியர் என் தூரிகையை வாங்கி, என் படத்தை அவரே அழகாக முடித்துக் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். நான் கற்றது சுழியம்.

வீட்டார் 'ரொம்ப நல்லா இருக்கு' என்றால் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், பயன் ஒன்றுமில்லை. 'பார்த்ததும் கண் முதலில் எங்கே போனது?' என்று கேளுங்கள். நீங்கள் நினைத்த இடத்தைத் தவிர வேறெதையோ காட்டினால், அங்கேதான் மிகக் கூர்மையான இருட்டு வெளிச்ச மோதல் இருக்கும்.

கண்ணும் முதுகும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய ஒரு முழ தூரத்துக்குப் போட்டுத் தந்தது, படமோ கை நீட்டும் தூரத்தில் இருக்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையாக வரும் ப்ரோக்ரஸிவ் கண்ணாடியில் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். கண்ணுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய், அந்த ஒரு தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி கேளுங்கள். வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளடிக்கும், நீலங்கள் மங்கும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை என்று தெரிந்தது, அறுவை சிகிச்சை 1923இல்தான். இடைப்பட்ட வருடங்களின் பல படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறியிருக்கும். உங்கள் நிறங்களைப் பற்றி இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் கண் மருத்துவரிடம் போய்வாருங்கள்.

மணிக்கட்டிலிருந்து வரையாமல் தோளிலிருந்து வரையுங்கள், முடிந்தவரை நின்றுகொண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலடி பின்னால் போய்ப் பாருங்கள். முதுகுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

ஒவ்வொரு தாளின் முதுகிலும் தேதி, எடுத்துக்கொண்ட நேரம், பயன்படுத்திய நிறங்கள், அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியது என்ன என்று ஒரே ஒரு வரி. எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போடுங்கள், மோசமானவற்றையும். ஆறாவது மாத முடிவில் தரையில் தேதி வரிசைப்படி பரப்புங்கள். என் பெட்டியில் அன்றைக்கு 140க்கு மேல் இருந்தது. பதினேழாவது முட்டையிலிருந்து நிழல் தரையில் படுக்க ஆரம்பித்திருந்தது. வரைந்த நாளில் அதை நான் கவனிக்கவே இல்லை, தாளின் முதுகில் 'இன்னும் இருட்டு' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.